பட்டினித் தோட்டம்

தோட்டத் திறப்பு நாளன்று, தன் வீட்டு வாசலில், தன் கையால் சுட்ட ஸ்கோன் ரொட்டித் தட்டை ஏந்திக்கொண்டு நின்ற எல்ஸ்பெத்தைப் பார்த்து ஒரு வெளியூர்ப் பெண்மணி, "நீங்க டீக்கடையிலேர்ந்து வந்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

கேட்டவளைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. ஜூலையில் ஒரு சனிக்கிழமை ஊரே தோட்டக் கதவைத் திறந்து வைக்கும். வெளியூர்க்காரர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார்கள். இந்த வீட்டுக் கேட்டில் அடித்திருந்த பலகையில் 'ரோனாவின் தோட்டம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உள்ளே லாவெண்டர் புதர்களுக்கு நடுவே, ஒரு கூட்டம் சூழ, அந்த ரோனாவே நின்று பேசிக்கொண்டிருந்தாள். அப்படியானால் டீ ஊற்றுகிறவள் யார்? கூலிக்கு வந்தவள்தானே.

"இல்லைங்க. நான் இந்த வீட்டுக்காரி," என்றாள் எல்ஸ்பெத்.

"ஓ, அப்ப ரோனாவுக்குத் தங்கச்சியா?"

எல்ஸ்பெத் தட்டை மேஜைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் ஒரு ஸ்கோன் உருண்டு கீழே விழுந்தது. அவள் ரோனாவுக்குத் தங்கச்சியில்லை. ரோனாவின் புருஷனாக இருந்த ஃபெர்கஸுக்கு இப்போது அவள் பெண்டாட்டி, மூணு வருஷமாகிறது. ரோனா செத்துப்போய்ச் சுவரில் படமாகத் தொங்கியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம். ஃபெர்கஸை விட்டுவிட்டு, ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவரைக் கட்டிக்கொண்டு, அதே ஊரில் மேட்டுத்தெருவில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள். சண்டை கிண்டை ஒன்றுமில்லையாம். சிரித்துப் பேசிக்கொண்டே பிரிந்தார்களாம். அந்தச் சிரிப்புதான் எல்ஸ்பெத்துக்கு ஆகவேயில்லை. அடித்துக்கொண்டு பிரிந்திருந்தார்களென்றால் இவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

அந்த நேரம் பார்த்து ரோனா பேச்சுக்கு நடுவே குனிந்து, கல்லுக்கிடையிலிருந்து எதையோ பிடுங்கித் தோளுக்குப் பின்னால் வீசினாள். எல்ஸ்பெத் மே மாதம் ஆசையாக ஊன்றி வைத்த சாமந்தி அது.

"களை," என்றாள் ரோனா கூட்டத்தைப் பார்த்து. கூட்டம் தலையாட்டியது. ஃபெர்கஸும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றான். அவன் தலையும் ஆடிய மாதிரிதான் எல்ஸ்பெத்துக்குத் தெரிந்தது.

 அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது அந்தச் சாமந்தி எரிச்சல் ஒரு முடிவாக மாறியது. இந்தப் பலகையில் என் பேர் ஏற வேண்டும். ரோனா அதைத் தன் கண்ணால் படிக்க வேண்டும். அது நடக்காதவரை இது என் வீடு இல்லை, இவன் என் புருஷனும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

கில்ரேவி, ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரை. கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு தெருவும் ஒரு கட்டைச் சுவரும்தான். காற்று நார்வேயில் கிளம்பினால் வழியில் எங்கேயும் உட்காராமல் நேரே இங்கே வந்துதான் நிற்கும். இந்த ஊரில் போய் கிரீஸ், இத்தாலிப் பக்கத்துச் செடிகளை வளர்க்கத் தோன்றியதே, அதிலேயே ரோனாவின் திமிர் தெரிகிறது என்பது எல்ஸ்பெத்தின் கட்சி. லாவெண்டர், ரோஸ்மேரி, சேஜ், தைம், பேர் வாயில் நுழையாத சாம்பல் இலைப் புதர்கள், தொட்டியில் ஒரு ஆலிவ். மண்ணே கண்ணில் படாது. முழுக்கப் பொடிக்கல்.

ஃபெர்கஸ் மீன்பிடிப் படகுகளின் எஞ்சினோடு காலம் கழித்தவன். தோட்டத்தையும் எஞ்சின் மாதிரியே பார்த்தான். ரோனா சொல்லிவிட்டுப் போன முறையில் ஒரு மரை பிசகாமல். ஆகஸ்டில் லாவெண்டர் பூத்து ஓய்ந்ததும் கத்தரி எடுப்பான். பச்சை இருக்கிற மட்டும்தான் வெட்டு. கீழே மொட்டைக் கட்டையில் கத்தரி பட்டால் அது திரும்பத் துளிர்க்காது. அக்டோபரில் கம்பு பின்னிய தட்டிகளைக் கடல் பக்கமாக நடுவான். பலகை வைத்து ஒரேயடியாக அடைத்தால் காற்று மேலே ஏறிக் குதித்துச் செடிகளை மிதிக்கும். தட்டியென்றால் சலித்து விடும். ஆலிவுக்கு முக்காடு போட்டுக் கண்ணாடித் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைப்பான். காய்ந்த தண்டுகளைக் குளிர் போகிறவரை தொட மாட்டான். அடித்தூருக்கு அதுதான் போர்வை. ஏப்ரலில் சாம்பல் புதர்களுக்கு முடி வெட்டு. நடுநடுவே குனிந்து ஒவ்வொரு செடியின் கழுத்தடியிலும் கல்லைக் கையால் அணைத்துவிடுவான், குழந்தைக்குக் கம்பளி சொருகுகிற மாதிரி. எரு கிடையாது. தண்ணீர் கிடையவே கிடையாது.

"குளிர் இதுங்களை ஒண்ணும் பண்ணாது எல்ஸி. ஈரம்தான் எமன். பட்டினி போடணும், அப்பத்தான் உரமா நிக்கும்னு ரோனா சொல்லுவா," என்பான்.

ரோனா சொல்லுவா. இந்த இரண்டு வார்த்தையை அந்த வீட்டில் எத்தனை தடவை கேட்டிருப்பாள் எல்ஸ்பெத். அவள் உருளைக்கிழங்குப் பண்ணையில் பிறந்தவள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. வேண்டாமென்கிற பிள்ளை தட்டிலும் இன்னொரு கரண்டி போட்டே பழகிய கை. பட்டினி போட்டு வளர்ப்பது ஒரு வளர்ப்பா என்று அவள் உடம்பே கேட்டது.

இது பத்தாதென்று காலையில் ஒரு கூத்து. கண் விழித்ததும் ஃபெர்கஸ் டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு நேராகத் தோட்டத்துக் கோடிக்குப் போய் நிற்பான். மழையானாலும் நிற்பான், கடல்மூட்டம் வந்து கண் தெரியாவிட்டாலும் நிற்பான். அவன் முதுகைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே எல்ஸ்பெத் ரொட்டியைக் கருக்குவாள். ரோனாவை நினைத்துக்கொண்டுதானே அங்கே போய் நிற்கிறான். வேறு எதற்கு?

அந்த அக்டோபரில் தட்டி நடும்போது ரோனா வந்தாள். கேட்டைத் தட்டக்கூட இல்லை. அவள் பலகை அடித்த கேட்டை அவள் ஏன் தட்ட வேண்டும்?

"தட்டி இன்னும் ஒரு சாண் உள்ள வரணும் ஃபெர்கஸ். ஏன், நீதானே ஒவ்வொரு வருஷமும் நடறே?" என்று அவன் சட்டைக் கையைப் பிடித்து நகர்த்தினாள். அவனும் நகர்ந்தான்.

எல்ஸ்பெத் வாசலில் நின்று, "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். ஊரில் மற்ற எல்லாரையும் அவள் 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். ரோனாவுக்கு மட்டும் 'நீங்க'. மரியாதை இல்லை அது, வேலி.

"வேணாம் எல்ஸ்பெத். நீ உன் வேலையைப் பாரு," என்றாள் ரோனா. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் அவளுக்கு வாய்த்த நாக்கு அப்படி.

பிப்ரவரியில் ஃபெர்கஸுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன். முடிந்ததும் கொஞ்ச தூரத்தில் பெர்த் நகரத்தில் இருக்கிற அவன் அக்கா வீட்டுக்குப் போனான். மாடிப்படி இல்லாத வீடு, ஈஸ்டர்வரை அங்கேயே இருக்கட்டும் என்று ஏற்பாடு. அவன் போன அதே வாரம் புயல் அடித்தது.

கில்ரேவியில் புயலுக்கு மறுநாள் காலையில் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். கரையெல்லாம் கடற்பாசி முழங்கால் உயரத்துக்கு ஒதுங்கிக் கிடக்கும். தள்ளுவண்டியும் முள்வாரியுமாக ஊரே இறங்கி அள்ளும். உருளைக்கிழங்குப் பாத்திக்கு அதைவிட நல்ல தீனி உலகத்தில் கிடையாது என்பது இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எல்ஸ்பெத்தும் இறங்கினாள். முதல் வண்டி பாத்திக்குப் போனது. இரண்டாவது வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது அவள் கால் பாத்திப் பக்கம் போகவில்லை. பொடிக்கல் பக்கம் திரும்பியது.

கொல்ல வேண்டுமென்று அவள் நினைக்கவில்லை. அதை யாரும் சொல்லிவிடக் கூடாது. ரோனா பட்டினி போட்டு முழங்கால் உயரத்துக்கு வளர்த்தாளா, நான் வயிறாரப் போட்டு இடுப்பு உயரத்துக்கு வளர்த்துக் காட்டுகிறேன் என்றுதான் நினைத்தாள். கல்லை வாரி ஒதுக்கினாள். பாசியைத் தடிமனாகப் பரப்பினாள். மறுபடி கல்லைப் போட்டு மூடினாள். ஒரு வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதே வேலை.

பக்கத்து வீட்டு நெட்டா சுவர்மேல் தாடையை வைத்துப் பார்த்தாள். தோட்டத் திறப்பு நாளுக்குப் பலகை எழுதுவது, சீட்டுக் கொடுப்பது எல்லாம் நெட்டாதான்; ஊர்க்கதை முழுக்க அவள் நாக்கு நுனியில்.

"என்ன கண்ணு, ஊர்ப் பாசியெல்லாம் உன் வீட்டுக்குத்தான் போல?"

"உருளைக்கிழங்குக்கு."

"அங்க உருளைக்கிழங்கு இருக்கா? எனக்கு ஏதோ லாவெண்டர் மாதிரி தெரியுது. கண்ணாடி மாத்தணும்," என்றாள் நெட்டா. எல்ஸ்பெத் வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தாள். நெட்டாவும் அதற்குமேல் நோண்டவில்லை, அதுவே அதிசயம்.

மே மாதம் மழையில்லாமல் காய்ந்தபோது எல்ஸ்பெத் குழாயையும் நீட்டினாள். ஃபெர்கஸ் அப்போது வீடு வந்துவிட்டான். அவன் கடைக்குப் போகிற நேரம் பார்த்துத் தண்ணீர் விடுவாள். செடிகள் அதுவரை அப்படி ஒரு சாப்பாட்டைக் கண்டதேயில்லை. மதமதவென்று வந்தன. லாவெண்டர் இடுப்புக்கு வந்தது. சேஜ் இலை உள்ளங்கை அகலம். சாம்பல் புதர்கள் சாம்பலை மறந்து பச்சையாகிவிட்டன. எல்ஸ்பெத்துக்குத் தலைகால் புரியவில்லை. நாலு வருஷமாக அதிகம் எட்டிப் பார்க்காத தோட்டத்துக்குள், முதல் துளிர் விட்ட நாளிலிருந்தே காலையிலும் மாலையிலும் பாடிக்கொண்டே சுற்றி வந்தாள்.

"இந்த வருஷம் என்னவோ ஜோராத்தான் இருக்கு," என்றான் ஃபெர்கஸ். கோப்பையை எடுத்துக்கொண்டு கோடிக்குப் போனான்.

ஜூலைச் சனிக்கிழமை வந்தது. கூட்டம் நகரவேயில்லை. போட்டோ எடுத்தார்கள். முன்பு வந்தவர்களெல்லாம் இந்த மாதிரி இந்தத் தோட்டத்தைப் பார்த்ததே இல்லை என்றார்கள். "யார் கை பட்டது?" என்று ஒருவர் கேட்டபோது நெட்டா சத்தமாகவே, "எல்ஸ்பெத் கைதான்," என்றாள். எல்ஸ்பெத்துக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கு ஸ்கோன் தட்டைச் சுமக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. பல் டாக்டரைப் பிடித்து அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

ரோனா தாமதமாக வந்தாள். எல்ஸ்பெத் அவள் முகத்தையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  ரோனா ஒரு லாவெண்டர் தண்டை விரலுக்கிடையில் வைத்து நசுக்கினாள். கட்டையாக இருக்க வேண்டிய தண்டு கீரைத்தண்டு மாதிரி நசுங்கியது. ஷூ நுனியால் கல்லை லேசாகக் கிளறப் போனவள், என்னவோ நினைத்துக் காலை எடுத்துக்கொண்டாள்.

"நல்லாத் தின்னிருக்கு போல," என்றாள்.

"பட்டினி போட்டா யாருக்குமே நல்லதில்லைங்க," என்றாள் எல்ஸ்பெத்.

ரோனா ஃபெர்கஸைப் பார்த்தாள். ஃபெர்கஸ் கடலைப் பார்த்தான்.

போகும்போது நெட்டா எல்ஸ்பெத்தின் காதோரம் வந்து, "அடுத்த வருஷம் பலகையை மாத்திடறேன் கண்ணு. குளிர்காலத்துல உட்கார்ந்து எழுதிடுவேன்," என்றாள். அன்று ராத்திரி எல்ஸ்பெத் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

ஆகஸ்டிலிருந்து வானம் வேலையைக் காட்டியது. செப்டம்பர் மழை, அக்டோபர் மழை, நவம்பரில் விடவேயில்லை. மற்ற வருஷங்களில் கல்லுக்குள் இறங்கி ஓடிப்போகிற தண்ணீரைப் பாசி குடித்து வைத்துக்கொண்டது. வழக்கமாக இந்நேரம் முறுக்கேறி அடங்கியிருக்க வேண்டிய செடிகள் இளந்துளிரோடு நின்றன. ஜனவரியில் கிழக்குக் காற்று வந்தது, பின்னாலேயே உறைபனி வந்தது. தட்டி நட்டிருந்தது, ஆலிவுக்கு முக்காடும் போட்டிருந்தது. ஆலிவ் மட்டும்தான் பிழைத்தது. அதற்கும் காரணம், தொட்டியில் பாசி போட அவளுக்குத் தோன்றாமல் போனதுதான்.

மார்ச்சில் பார்த்தால் தோட்டம் முழுக்கக் கரி. எல்ஸ்பெத் ஒவ்வொரு செடியாக நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். எங்கே சுரண்டினாலும் உள்ளே பழுப்பு. ஒரு லாவெண்டரைப் பிடித்து இழுத்தாள். வேரே இல்லாமல் கையோடு வந்துவிட்டது.

"குளிர் ஜாஸ்தி இந்த வருஷம்," என்றாள் ஃபெர்கஸிடம், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"ஆமா, ஜாஸ்திதான்," என்றான் அவன். டீக் கோப்பையோடு கோடிக்குப் போய் நின்றான். அவன் முதுகைப் பார்த்தபோது அவளுக்கு முதல்தடவையாகப் பயம் வந்தது. செத்தது செடியில்லை, ரோனா அவனிடம் விட்டுப்போன கடைசிச் சாமான். அதைக் கொன்றவளோடு இவன் எப்படிச் சேர்ந்து இருப்பான்? தனக்கு வேண்டியது பலகையே இல்லை, இந்த முதுகு தன் பக்கம் திரும்புவதுதான் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. உறைத்து என்ன பண்ண?

நெட்டா வாய் சும்மா இருக்குமா? மூன்றாம் நாள் ரோனா வந்து இறங்கினாள். கையில் ஒரு நாற்றுத் தட்டு. அதில் சின்னச் சின்னத் தொட்டிகளில் விரல் நீளச் செடிகள். தட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டு, ஃபெர்கஸ் நின்றிருந்த தோட்டத்துக்குள் நடந்தாள். குனிந்து கல்லை ஒதுக்கி, கறுத்துக் கொழகொழத்த ஒரு பாசி நாடாவை உருவி எடுத்தாள்.

எல்ஸ்பெத் வாசற்படியில் நின்றபடி, வருவது வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். திட்டட்டும். திட்டினால் திருப்பித் திட்டலாம். நாலு வருஷத்துப் பாக்கி தொண்டையிலேயே நிற்கிறது.

ரோனா சிரித்தாள். சும்மா இல்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர.

"கடற்பாசியா? ஐயோ எல்ஸ்பெத், நான் ஆட்டெரு போட்டேன். முதல் வருஷம். வண்டி வண்டியா. ஃபெர்கஸ், ஞாபகமிருக்கா, அந்த ஜூலையில லாவெண்டர் எங்க வரைக்கும் வந்துச்சு?"

"உன் தோள் வரைக்கும்," என்றான் ஃபெர்கஸ். அவனுக்கும் உதடு துடித்தது.

"மார்ச்ல?"

"கரி."

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அந்த வருஷம் எல்லாவற்றையும் தோண்டி எடுத்தது, ஆட்டெரு நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்தியது, சேற்றில் ரோனாவின் ஷூ மாட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது என்று ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்துப் பேசினார்கள். எல்ஸ்பெத் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் அது செடிகளுக்காக இல்லை. இத்தனை பாடுபட்டு, இடுப்பொடிய அள்ளிப் போட்டு, அவள் செய்தது என்ன? இவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து சிரிக்க ஒரு பழைய கதையைத் தோண்டிக் கொடுத்தது. கொல்வதிலேகூட ரோனா முந்திக்கொண்டாள்.

"இதெல்லாம் நான் வீட்டை விட்டுப் போறப்ப ஒடிச்சுட்டுப் போன கிளையை வளர்த்து, அதிலேர்ந்து வேர் விட வெச்சது. இங்கேர்ந்து போனதுதான்," என்று ரோனா தட்டைக் காட்டினாள்.

"வேணாங்க," என்றாள் எல்ஸ்பெத்.

"கடையில வாங்கினா விலை."

"வேணாம்னு சொன்னேன்."

"சரி. இங்கயே இருக்கட்டும். வேணாம்னா தூக்கிப் போட்டுடு," என்று ரோனா கேட்டைச் சாத்திக்கொண்டு போனாள்.

தூக்கிப் போட எல்ஸ்பெத்துக்கு மனசு வரவில்லை. அதற்காக அதைப் பேணவும் போவதில்லை என்று வைராக்கியம். தட்டு சுவர்மேலேயே இருந்தது. ஏப்ரல் முழுக்க மழையில்லாமல் காற்று மட்டும் அடித்தது. போகும்போதும் வரும்போதும் எல்ஸ்பெத் அதை ஓரக்கண்ணால் பார்ப்பாள். ஒரு சொட்டுத் தண்ணீர்? ஊற்ற மாட்டாள். மற்ற தொட்டிகளுக்கு ஊற்றிவிட்டுக் குவளையில் மிச்சமிருந்தால் தெருவில் கவிழ்ப்பாள். ரோனாவின் பிள்ளைகளுக்கு இந்த வீட்டில் சாப்பாடு கிடையாது. காயட்டும், கருகட்டும், காற்றில் பறக்கட்டும்.

அவை காயவில்லை. குட்டையாக, கெட்டியாக, சாம்பல் பூத்து, காற்றுக்குப் பழகி அழுத்தமாக நின்றன. ஒருவர் உட்கார்ந்து அக்கறையாக வளர்த்திருந்தாலும் அவ்வளவு சரியாக வந்திருக்காது. எல்ஸ்பெத்தின் பொறாமையைப் போல அந்தச் செடிகளுக்கு ஏற்ற வளர்ப்பு வேறில்லை.

மே மாதம் ஒரு நாள் காற்று தட்டைக் கவிழ்த்துவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் பார்த்தாள். தொட்டியெல்லாம் தெருவில் உருண்டு கிடந்தன. ஒன்றைக் கையிலெடுத்தபோது அடித்துளையில் வேர் வெள்ளை வெளேரென்று எட்டிப் பார்த்தது, இடம் கேட்கிற மாதிரி. கீழே விழுந்து கிடப்பதை அப்படியே விட்டுவிட்டுப் போகிற கை அவளுக்கில்லை. சபித்துக்கொண்டே எல்லாவற்றையும் பொறுக்கினாள்.

அந்த வாரம் அவளும் ஃபெர்கஸும் பாசியை வாரினார்கள். அவன் புது முழங்காலை நீட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து கல்லைச் சலித்தான். அவள் வண்டி தள்ளினாள். வாரிய பாசி உருளைக்கிழங்குப் பாத்திக்கே போய்ச் சேர்ந்தது.  பொறுக்கி வைத்த செடிகளை அவள்தான் நட்டாள், கழுத்தடியில் கல்லை அவளே அணைத்தாள். எங்கே வாங்கியது என்று யார் கேட்டாலும், "கடையில," என்றாள். யாரும் நம்பவில்லை.

ஜூலைச் சனிக்கிழமை காலை, கேட்டுத் திறக்க இன்னும் நேரமிருக்கையில் நெட்டா புதுப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். நீலத்தில் வெள்ளை எழுத்து: 'எல்ஸ்பெத்தின் தோட்டம்'.

எல்ஸ்பெத் பலகையைப் பார்த்தாள், தோட்டத்தைப் பார்த்தாள். கல், கல், கல். இடையிடையே சாண் உயரத்துக்கு அங்கொன்றும் இங்கொன்றும்.

"இதை இப்ப மாட்டினா ஊரே சிரிக்கும் நெட்டா. எடுத்துட்டுப் போயிடு."

"ஜனவரியிலேயே எழுதியாச்சு கண்ணு. ரெண்டு கோட்டிங். இனிமே அழிக்கிறதா இல்லை," என்று நெட்டா பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு நடையைக் கட்டினாள்.

ஃபெர்கஸ் உள்ளேயிருந்து சுத்தியலோடு வந்தான். பழைய பலகையை நெம்பிக் கழற்றினான்.

"வேணாம் ஃபெர்கஸ்," என்றாள் எல்ஸ்பெத். "பூத்துக் குலுங்கறப்ப அவ பேரு, சுடுகாடா கிடக்கறப்ப என் பேரா? இதுக்கு நீ என்னைத் திட்டியே தீத்திருக்கலாம்."

"அவ பேரும் இப்படித்தான் ஏறிச்சு."

"எப்படி?"

"ஆட்டெரு போட்டு எல்லாத்தையும் கொன்னாளே, அந்த வருஷம்தான் இந்தப் பலகையைச் செஞ்சேன். உள்ள வெறும் கரிக்கட்டை. வாசல்ல 'ரோனாவின் தோட்டம்'. அவ ஒரு வாரம் என்னோட பேசல." அவன் புதுப் பலகையைத் தூக்கிக் கேட்டில் வைத்து அளவு பார்த்தான். "கொன்னவ பேரைத்தானே போடணும். பிடி, சாயுது."

அவள் பிடித்துக்கொண்டாள்.  "பாசி போட்டது உனக்கு எப்ப தெரியும்?"

"ஈஸ்டருக்கு வந்து கார் கதவைத் திறந்தப்பவே. துறைமுகமே வீட்டுக்குள்ள வந்த மாதிரி நாத்தம். காலம்பூரா படகுல கிடந்தவன், எனக்கு அந்த வாசனை தெரியாதா எல்ஸி?"

"அப்பவே சொல்லியிருந்தா வாரியிருக்கலாமே. எல்லாம் பொழைச்சிருக்குமே."

"பொழைச்சிருக்கும்."

"பின்ன ஏன் வாயைத் திறக்கல?"

ஃபெர்கஸ் ஆணியைப் பல்லிலிருந்து எடுத்தான். "நீ பாடிக்கிட்டிருந்தே," என்றான். "வந்து நாலு வருஷத்துல நீ பாடி நான் கேட்டதில்ல. வாயைத் திறந்தா நின்னுடும்னு தோணுச்சு. லாவெண்டர் வேற வாங்கிக்கலாம்."

 ஒரு தோட்டத்தையே சாகவிட்டிருக்கிறான், கண்ணால் பார்த்துக்கொண்டே, தினமும் டீ குடித்துக்கொண்டே. ரோனாவின் தோட்டத்தை. அது அவள் நெஞ்சுக்குள் மெல்ல இறங்கியது. ஆனாலும் ஐந்து வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்த ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தினம் கோடியில போய் நிக்கிறியே, யாரை நினைச்சுக்கிட்டு?"

"அங்க நின்னாத்தான் துறைமுக வாய் தெரியும். எந்தப் படகு வருது, எந்த எஞ்சின் இருமுதுன்னு பார்ப்பேன்." அவனுக்கே புரியவில்லை. "யாரை நினைக்கணும்?"

எல்ஸ்பெத் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். தெருக்கோடியில் முதல் கார் வந்து நின்றது. மேட்டுத்தெருவிலிருந்து ரோனாவும் பல் டாக்டரும் இறங்கி வருவதும் தெரிந்தது. ஃபெர்கஸ் இரண்டு ஆணி அடித்துவிட்டு, பலகையை ஆட்டிப் பார்த்துவிட்டு, சுத்தியலைக் கீழே வைக்கப் போனான்.

"இரு," என்றாள் எல்ஸ்பெத். "அவ பலகைக்கு எத்தனை ஆணி அடிச்சே?"

"ரெண்டு."

"எனக்கு நாலு அடி."

ஃபெர்கஸ் சட்டைப் பையில் கைவிட்டு இன்னும் இரண்டு ஆணி எடுத்தான்.